ஔவையார் எத்தனை பேர்?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒரே வகுப்பில் இரண்டு முருகன்கள் சேர்ந்துவிட்டால் என்ன நடக்கும் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். வருகைப் பதிவேட்டில் தலைப்பெழுத்து வந்து காப்பாற்றும். தலைப்பெழுத்தும் ஒன்றாகிவிட்டால், நெட்டை முருகன், கண்ணாடி முருகன் என்று மாணவர்களே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். பெயருக்கு முன்னால் ஓர் அடைமொழி சேர்ந்தவுடன் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. இதே சிக்கல் நம் இலக்கிய வரலாற்றிலும் ஏற்பட்டது. அதைப் பழங்காலத்தார் எவ்வளவு பொறுப்போடு தீர்த்தார்கள் என்பதையும், பின்னால் வந்த நாம் அதை எப்படிக் கலைத்துப்போட்டோம் என்பதையும் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நெடுங்காலமாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் செய்தி இது என்பதால், இடையிடையே என் குரல் சற்று உயர்ந்தால் பொறுத்தருள வேண்டும்.

சங்கப் பாடல்களோடு நமக்கு வந்து சேர்ந்திருக்கும் பழைய குறிப்புகளைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பாடியவர் பெயரும் பாடப்பட்டவர் பெயரும் அங்கே வெறும் பெயராக நிற்பதில்லை. சாத்தன் என்ற பெயர் அக்காலத்தில் மிகவும் பரவலாக இருந்தது. ஆகவே, மதுரைக் கூலவாணிகன் சாத்தனார், உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார் என்று ஊரையும் தொழிலையும் தந்தையையும் சேர்த்தே சொன்னார்கள். அரசர்களுக்கோ அவர்கள் வென்ற போர்க்களம் அடைமொழியாயிற்று. அது வாய்க்காதபோது அவர்கள் உயிர்நீத்த இடமே அடைமொழியாயிற்று. பாண்டியருள் இரண்டு நன்மாறர்கள் இருந்தார்கள். ஒருவன் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், மற்றவன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன். பெருவழுதிகள் இன்னும் பலர். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி, கானப்பேரெயில் கடந்த உக்கிரப்பெருவழுதி, இவர்களோடு கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. கடலில் மறைந்துபோன ஓர் இளவரசனை, "உண்டால் அம்ம இவ்வுலகம்" என்ற பாட்டைப் பாடியவன் இவன்தான் என்று மற்ற வழுதிகளிடமிருந்து பிரித்து, பத்திரமாக நம் கையில் ஒப்படைத்தவர்கள் அந்தத் தொகுப்பாளர்கள்.

இந்த அடைமொழி எவ்வளவு தேவையானது என்பதற்கு இரண்டு நெடுஞ்செழியர்களைச் சொல்லலாம். ஒருவன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். மற்றவன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன். இருவரும் பாண்டியர், இருவரும் புலவர்கள், இருவருடைய பாட்டும் புறநானூற்றில் இருக்கின்றன. முன்னவன் பாடியது கல்வியைப் பற்றியது. ஒரு குடும்பத்தில் பிறந்த பலருள்ளும் மூத்தவனை வருக என்று அழைக்காமல் அறிவுடையவன் சொல்லும் வழியிலேயே அரசும் செல்லும் என்று அதில் சொல்கிறான். பின்னவன் பாடியது வஞ்சினம். இளையவன் என்று என்னை இகழ்ந்த பகைவர்களை நான் வெல்லாவிட்டால், என் குடிமக்கள் என் கோலைப் பழி தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் விட்டுவிடட்டும் என்று சூளுரைக்கிறான்.

சிலப்பதிகாரத்தில் கோவலனை ஆராயாமல் கொல்வித்து, உண்மை தெரிந்தவுடன் அரியணையிலேயே உயிர்விட்டவனும் ஒரு நெடுஞ்செழியன்தான். அவன் எந்த நெடுஞ்செழியன்? இளங்கோவடிகள் நம்மைத் தவிக்கவிடவில்லை; வடவாரியர் படை கடந்தவன், அரசுகட்டிலில் துஞ்சியவன் என்று அடைமொழிகளை அடுக்கிவிடுகிறார். ஆக, அறிவுடையோன் வழியில் அரசு செல்லும் என்று பாடியவனே ஆராயாமல் தீர்ப்பளித்தவனாகவும் காட்டப்படுகிறான். வெறும் நெடுஞ்செழியன் என்று மட்டும் எழுதிவைத்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? கோலைப் பழிக்கட்டும் என்ற வஞ்சினத்தையும் கோல் வளைந்ததால் உயிர்விட்ட செய்தியையும் ஒருவன் தலையிலேயே கட்டி, ஊழ்வினை என்று ஓர் அருமையான கதையைப் பின்னியிருப்போம். கதை அருமையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது பொய்.

அப்படி நாம் பின்னிவிட்ட ஒரு கதைக்கு இப்போது வருகிறேன். அதுதான் ஔவையார் கதை. சங்கப் புலவர்களைப் பற்றி நான் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பெயர் பலருக்குப் பொதுவாக இருந்தால் அடைமொழி சேர்ப்பார்கள். ஔவையாருக்கு அவர்கள் எந்த அடைமொழியும் சேர்க்கவில்லை. ஏன் என்றால், அவர்களுக்குத் தெரிந்த பாடற்புலமை மிக்க ஔவையார் ஒருவரே. பின்னால் அதே பெயரில் வேறு பெண்பாற் புலவர்கள் தோன்றுவார்கள் என்று அவர்கள் எப்படி எதிர்பார்த்திருக்க முடியும்? அடைமொழி இல்லாமல் நின்ற அந்த ஒரு பெயருக்குள், பிற்காலத்தார் எல்லா ஔவைகளையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

ஔவையார் என்றவுடன் உங்கள் மனக்கண்ணில் யார் வருகிறார்? நரைத்த தலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் கோல். 1953-ஆம் ஆண்டில் வந்த திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் நடித்த பிறகு அந்த உருவத்துக்கு ஒரு குரலும் கிடைத்துவிட்டது. அந்தக் குரலுக்கு நானும் அடிமைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மூதாட்டி நம் கண்முன் நின்றதால், அவருக்குப் பின்னால் வேறொருத்தி மறைந்துபோனாள். அவளைத்தான் உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

தகடூரை, அதாவது இன்றைய தருமபுரிப் பகுதியை, அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்டான். இவன் கற்பனை மன்னன் அல்லன். திருக்கோவலூருக்கு அருகில் ஜம்பை என்ற ஊரில் 1981-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழி, அதாவது தமிழ் பிராமி, எழுத்துக் கல்வெட்டு, சதியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி அளித்த குகை என்று அவன் பெயரைத் தெளிவாகச் சொல்கிறது. அந்த அஞ்சியின் அவைக்களத்தில் இருந்தவள் சங்ககால ஔவை. அவள் பெயரால் 59 பாடல்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் 33 புறநானூற்றில் உள்ளன. புறநானூற்றுப் பாட்டு ஒன்றில், பகை மன்னன் அவளை நோக்கி, மை தீட்டிய கண்ணையுடைய விறலியே, அதாவது ஆடிப்பாடும் பெண்ணே, என்று விளித்து, உங்கள் நாட்டில் எங்களோடு போரிடுவாரும் உண்டோ என்று கேட்கிறான். இந்த விளியில் கோலும் இல்லை, நரையும் இல்லை.

அவளுடைய அறிவுக்கூர்மையைக் காட்ட ஒரு பாட்டு போதும். அஞ்சிக்காகக் காஞ்சித் தொண்டைமானிடம் அவள் தூது செல்கிறாள். தன் வலிமையைக் காட்டி அவளை அச்சுறுத்த எண்ணிய தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துச் செல்கிறான். வேல்கள் வரிசையாக இருக்கின்றன. மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, திரண்ட காம்பைத் திருத்தி, நெய் பூசி, காவல் மிகுந்த அகன்ற அரண்மனையில் வைத்திருக்கிறார்கள். ஔவை பார்க்கிறாள். "இவ்வே" என்று தொடங்கி, இந்த வேல்கள் எத்தனை அழகு என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். தொண்டைமான் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே "அவ்வே" என்று திரும்புகிறாள். அங்கே என் மன்னனுடைய வேல்கள் பகைவரைக் குத்திக் குத்திப் பக்கமும் நுனியும் சிதைந்து, கொல்லனுடைய சிறு பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். பாட்டு முழுவதிலும் இகழ்ச்சியாக ஒரு சொல் இல்லை, மிரட்டலும் இல்லை. கொட்டிலைக் காட்டியவனுக்குக் கொட்டிலைக் கொண்டே பதில் சொல்லிவிட்டாள். அதோடும் விடவில்லை, அந்த வேலுக்குரியவன், உணவு இருந்தால் பிறருக்குக் கொடுத்தும் குறைந்தால் உடனிருந்து பகிர்ந்துண்டும் வாழ்பவன், வறியோர் சுற்றத்துக்குத் தலைவன் என்று முடிக்கிறாள். வேலைப் பாட வந்தவள் சோற்றைப் பாடிவிட்டுப் போகிறாள்.

அஞ்சி இறந்தபோது அவள் பாடிய கையறுநிலைப் பாட்டு இன்னும் நேரடியானது. சிறிதளவு கள் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான். மிகுதியாகக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து எங்களோடு உண்பான். இனி அது இல்லை என்று அழுகிறாள். கள்ளைப் பற்றி அவளுக்குக் கூச்சமே இல்லை. இந்தப் பெண்ணும், "உண்டி சுருங்குதல் பெண்டிர்க்கு அழகு" என்று கொன்றை வேந்தனில் சொன்னவரும் ஒருவர் என்று நம்ப உங்களால் முடிகிறதா? என்னால் முடியவில்லை.

ரசனையை விட்டுவிடுவோம், சான்றுக்கு வருவோம். நல்வழியின் கடைசி வெண்பாவைப் பலரும் மனப்பாடமாகச் சொல்வீர்கள். தேவர் குறளும், நான்மறை முடிவும், மூவர் தமிழும், திருவாசகமும், திருமூலர் சொல்லும் ஒரே கருத்தையுடையவை என்று அது சொல்கிறது. மூவர் தமிழ் என்றால் தேவாரம். தேவாரத்துக்கும் திருவாசகத்துக்கும் பல நூற்றாண்டுகள் முன்னால் வாழ்ந்த அஞ்சியின் தோழி அவற்றை எப்படிக் குறிப்பிட முடியும்? மூதுரையும் நல்வழியும் பிள்ளையார் வணக்கத்தோடு தொடங்குகின்றன. சங்கப் பாடல்களில் பிள்ளையார் வழிபாடே காணப்படவில்லை. ஆகவே அஞ்சியின் ஔவை வேறு. ஆத்திசூடி, கொன்றை வேந்தன் பாடிய, 12-ஆம் நூற்றாண்டை ஒட்டியவராகப் பலரும் கருதும் ஔவை வேறு. விநாயகர் அகவலும் ஔவை குறளும் யோகநெறி பேசுபவை. அவற்றைப் பாடியவர் இன்னும் வேறொருவர் என்று கொள்ளும் அறிஞர்கள் உண்டு.

செவிவழிக் கதைகளுக்கோ ஒரே ஔவைதான். அவர் அஞ்சியிடம் நெல்லிக்கனி பெறுகிறார். சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலை செல்லும்போது அகவல் பாடுகிறார். கம்பரோடும் ஒட்டக்கூத்தரோடும் வாதிடுகிறார். இவர்களுக்கிடையே ஆயிரம் ஆண்டு இடைவெளி இருக்கிறதே என்று கேட்டால், அதற்குத்தான் அந்த நெல்லிக்கனி என்று விடையும் ஆயத்தமாக இருக்கிறது. இந்தச் சாமர்த்தியத்தை நான் வியக்கிறேன். ஆனால் கதைக்கு ஒரு பசி உண்டு. அது அடுத்த வீட்டுச் செய்தியையும் விழுங்கிவிடும். பாரி மகளிருக்கு அங்கவை, சங்கவை என்று பெயரிட்டு, அவர்களுக்கு மணம் முடித்துவைத்தவர் ஔவையார் என்கிறது கதை. சங்கப் பாடல்களில் அந்தப் பெயர்களே இல்லை. அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று இரந்து நின்றவர் கபிலர். ஒரு பெயரைக் காப்பாற்றத் தவறியதால், நண்பனின் மக்களுக்காகக் கபிலர் நடந்த நடையெல்லாம் மற்றொருவர் கணக்கில் ஏறிவிட்டது.

அந்தக் கபிலருக்கும் இதே நிலைதான். பதினொராம் திருமுறையில் நக்கீரதேவ நாயனார், கபிலதேவ நாயனார், பரணதேவ நாயனார் என்று மூவர் வருகிறார்கள். சங்கத்தின் மூன்று பெரும் பெயர்களும் சைவக் கோலத்தில் வந்து நிற்கின்றன. கபிலதேவரோ மூத்த நாயனார் மீது, அதாவது பிள்ளையார் மீது, இரட்டைமணிமாலை பாடுகிறார். பறம்புமலைக் கபிலருக்குப் பிள்ளையாரும் தெரியாது, இரட்டைமணிமாலை என்ற பாவகையும் தெரியாது. ஆனால் திருமுருகாற்றுப்படையும் அதே திருமுறைக்குள் நக்கீரர் பெயரிலேயே சேர்க்கப்பட்டிருப்பதைப் பார்த்தால், தொகுத்தவர்களே இருவரையும் ஒருவராகத்தான் எண்ணினார்கள் என்று தோன்றுகிறது.

எனக்கு எதிரே இருக்கும் கடிகாரம் விரைகிறது. ஔவையிடம் அதிக நேரம் தங்கிவிட்டேன். பரஞ்சோதிகள் மூவரையும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். வாதாபியை அழித்த தளபதியாகிய சிறுத்தொண்டர் ஒருவர். மெய்கண்டாருக்கு உபதேசம் செய்ததாகச் சைவ மரபு சொல்லும் முனிவர் ஒருவர். திருவிளையாடற் புராணம் பாடியவர் ஒருவர் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். பட்டினத்தாரிலும் திருமுறைப் பட்டினத்துப் பிள்ளையார் வேறு, காதற்ற ஊசியைப் பாடியவர் வேறு.

அண்மைக் காலத்தில் மீண்டும் பழைய பொறுப்புணர்ச்சி திரும்பியிருக்கிறது என்பதற்கு மீனாட்சிசுந்தரம் என்ற பெயர் சாட்சி. உ. வே. சாமிநாதையரின் ஆசிரியர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, 1815 முதல் 1876 வரை வாழ்ந்தவர். பரதநாட்டியத்தில் பெரிய நட்டுவனார் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தவிலில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. இவர்களை யாரும் குழப்பிக்கொள்வதில்லை. சங்கப் புலவர்களுக்குச் செய்ததைப் போலவே ஊர்ப்பெயர் முன்னால் நின்று காவல் காக்கிறது. நான்காமவராகிய மொழியியல் அறிஞர், மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர், தெ. பொ. மீ. என்று தலைப்பெழுத்துகளாலேயே அறியப்பட்டார். அடுத்துக் கோபாலகிருஷ்ண பாரதி, சுப்பிரமணிய பாரதி, சுத்தானந்த பாரதி என்று பாரதிகளின் வரிசையைக் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் கண்ணாடிக்கு அப்பால் நிலைய நண்பர் கையை உயர்த்திவிட்டார். பாரதிகளை இன்னொரு நாள் பார்ப்போம். நன்றி, வணக்கம்.