அடி முதலாளிக்கு, வலி ரசிகனுக்கா?

[திரையில்: பூட்டிய கடைக் கதவு. கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகத் தொங்கும் நீல ஜெர்சிகள்.]

லண்டன். 2022 மார்ச் 10, வியாழக்கிழமை. செல்சி கால்பந்து கிளப்பின் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்துக் கடையைத் திடீரென்று இழுத்து மூடிவிட்டார்கள். ஜெர்சி விற்கக் கூடாது, மஃப்ளர் விற்கக் கூடாது, ஆட்டத்துக்குப் புதிதாக ஒரு டிக்கெட்கூட விற்கக் கூடாது. உத்தரவு போட்டது பிரிட்டன் அரசு.

ரஷ்யா உக்ரைனுக்குள் படையை அனுப்பி அப்போது இரண்டு வாரம். செல்சியின் முதலாளி ரோமன் அப்ரமோவிச், புதினுக்கு நெருக்கமானவர் என்று சொல்லி அவருடைய சொத்துகளை அரசு முடக்கியது. அவர் அதை மறுத்தார், அது வேறு கதை. நமக்கு வேண்டியது இதுதான்: அந்தச் சொத்துப் பட்டியலில் ஒரு கால்பந்து கிளப்பும் இருந்தது.

பங்களாவை முடக்கினால் கதவைப் பூட்டிச் சீல் வைத்துவிட்டு வந்துவிடலாம். சொகுசுப் படகு துறைமுகத்தில் கட்டிக் கிடந்தால் யாரும் அழப்போவதில்லை. கிளப் அப்படியா? அன்றைக்கு ராத்திரியே நாரிச்சில் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை சொந்த மைதானத்தில் இன்னொன்று. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு முதல்முறை ஸ்டேடியத்துக்குள் நுழையக் காத்திருக்கும் பையனுக்கும் புதினுக்கும் என்ன சம்பந்தம்?

அரசுக்கும் அது தெரிந்திருந்தது. அதனால் கிளப் ஓடுவதற்கென்று தனியாக ஒரு உரிமம் கொடுத்தார்கள். அதைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம், ஏனென்றால் ரசிகனுக்கு வலிக்காமல் முதலாளியை மட்டும் அடிக்க முடியுமா என்ற நம்ம கேள்விக்கான பாதி விடை அதில் இருக்கிறது.

[திரையில்: உரிமத்தின் வரிகள் ஒவ்வொன்றாக.]

சம்பளம் கொடுக்கலாம். சீசன் டிக்கெட் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் உள்ளே வரலாம். வீரர்களை வாங்க, விற்க, புது ஒப்பந்தம் போட அனுமதி இல்லை. சொந்த மைதானத்தில் ஒரு ஆட்டம் நடத்த முதலில் 5 லட்சம் பவுண்டு வரை செலவழிக்கலாம் என்றார்கள், இரண்டு நாளில் அதை 9 லட்சமாக்கினார்கள். வெளியூர் ஆட்டத்துக்குப் போய்வர 20,000 பவுண்டு. பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் தனி விமானத்திலேயே பறந்து பழகிய ஒரு அணிக்கு, ஹோட்டலும் சேர்த்து, அது போதவே போதாது. அடுத்த புதன்கிழமை பிரான்சில் லில் அணியோடு ஆட்டம். பயிற்சியாளர் தாமஸ் டூக்கல், தேவைப்பட்டால் ஏழு பேர் உட்காரும் வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போவேன் என்றார். சிரித்தார்கள். ஆனால் அவர் முழுக்க விளையாட்டுக்குச் சொன்னாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

சரி, இதெல்லாம் கிளப்புக்கு விழுந்த அடி. ரசிகருக்கு விழுந்தது டிக்கெட் தடை.

மார்ச் 19 அன்று மிடில்ஸ்பரோவில், அந்த ஊர் அணியோடு, இங்கிலாந்து கிளப்புகளின் நாக்-அவுட் போட்டியான எஃப்ஏ கோப்பையின் காலிறுதி. செல்சி ரசிகர்கள் சில நூறு பேர் மட்டும் முன்கூட்டியே டிக்கெட் வாங்கியிருந்தார்கள். மற்றவர்களுக்கு விற்க வழியில்லை. உடனே செல்சி நிர்வாகம் ஒரு யோசனை சொன்னது: எங்கள் ரசிகர்கள் வர முடியாதென்றால் யாருமே வர வேண்டாம், காலி மைதானத்தில் ஆடுவோம். மிடில்ஸ்பரோ ஊரே கொதித்தது. சம்பந்தமே இல்லாத ஒரு ஊரின் ரசிகர்களும் வீட்டில் உட்காரணுமா? அன்றைக்கே கோரிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்களே, அது இங்கே மூன்றாவது இடம் வரைக்கும் போகப் பார்த்தது.

மார்ச் 23 அன்று அரசு உரிமத்தைத் திருத்தியது. வெளியூர் ஆட்டம், கோப்பை ஆட்டம், பெண்கள் அணியின் ஆட்டம் இவற்றுக்கு ரசிகர்கள் டிக்கெட் வாங்கலாம். ஆனால் அந்தக் காசு செல்சி கணக்குக்குப் போகாது, போட்டியை நடத்தும் அமைப்பின் கைக்குப் போகும்.

இவ்வளவுதான் விஷயம். ரசிகர் உள்ளே போகும் வழியும் முதலாளிக்குப் பணம் போகும் வழியும் வேறு வேறு. இரண்டாவதை மட்டும் அடைத்தால் போதும். முதல் நாளே செய்திருக்கலாம், 13 நாள் ஆனது.

கடைசியில் மே 30 அன்று அமெரிக்க முதலீட்டாளர் டாட் போலியும் கிளியர்லேக் முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து கிளப்பை வாங்கினார்கள். விலை 250 கோடி பவுண்டு. முழுத் தொகையும் முடக்கப்பட்ட ஒரு வங்கிக் கணக்குக்குள் போனது, அப்ரமோவிச் கையில் ஒரு பென்னிகூட விழவில்லை. அது எங்கே, யாருக்குச் செலவாக வேண்டும் என்ற இழுபறியில் மூன்று வருடம் தாண்டியும் அங்கேயே கிடந்தது. அதைத் தனியாகத்தான் திட்ட வேண்டும்.

[திரையில்: விளக்குமாறும் வாளியும். வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள்.]

செல்சி பணக்கார கிளப், அதற்காக அரசே உட்கார்ந்து உரிமம் எழுதியது. சின்ன ஊர் கிளப்புக்கு?

மான்செஸ்டருக்குப் பக்கத்தில் பரி என்று ஒரு ஊர். 1885இல் தொடங்கிய கிளப், எஃப்ஏ கோப்பையை இரண்டு தடவை வென்றது. 2018 டிசம்பரில் ஸ்டீவ் டேல் என்பவர் அதை ஒரு பவுண்டுக்கு வாங்கினார். ஒரு டீ விலைகூட இல்லை. பரி என்று ஒரு கால்பந்து அணி இருப்பதே தனக்குத் தெரியாது என்று பிறகு ரேடியோவில் அவரே சொன்னார். கடனை அடைக்கப் பணம் இருக்கிறது என்பதற்கு, போட்டித் தொடரை நடத்தும் லீக் அமைப்பு கேட்ட ஆதாரம் வரவே இல்லை.

2019 ஆகஸ்ட் 27. யாரோ வாங்கப் போகிறார்கள், சனிக்கிழமை ஆட்டம் நடக்கும் என்ற நம்பிக்கையில் ரசிகர்கள் நூற்றுக்கணக்கில் வந்து கிக் லேன் மைதானத்தைக் கூட்டிப் பெருக்கி, நாற்காலிகளைத் துடைத்தார்கள். வாங்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள். அன்று இரவே பரியை லீக்கிலிருந்து நீக்கிவிட்டதாக அறிவிப்பு. 125 வருட லீக் வாழ்க்கை அத்தோடு முடிந்தது. ஒரு பவுண்டு போட்ட முதலாளிக்கு என்ன நஷ்டம் சொல்லுங்கள்?

லீக்கின் கையில் இருக்கும் பெரிய கம்பு இதுதான்: புள்ளியை வெட்டு, இல்லை கிளப்பையே வெட்டு. 2025 அக்டோபரில் ஷெஃபீல்டு வென்ஸ்டே கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. அதற்கு முன் பல மாதமாக வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளம் நேரத்துக்கு வரவில்லை. விதிப்படி 12 புள்ளி வெட்டு. கையில் இருந்ததே 6. ஆக, மைனஸ் 6. சம்பளம் கிடைக்காமலே ஆடி எடுத்த புள்ளி அது. அதைத்தான் பிடுங்கினார்கள்.

அந்த ஊர் ரசிகர்கள் செய்தது இன்னும் சுவாரசியம். முதலாளி தேஜ்போன் சான்சிரி இருந்தவரை டிக்கெட் வாங்காதே, கடைக்குப் போகாதே என்று புறக்கணித்தார்கள். அவர் பிடி விட்டுப்போன செய்தி வந்ததும் அதே கடை வாசலில் பெரிய வரிசை. மறுநாள் ஆட்டத்துக்குக் கூட்டம் பொங்கியது. அரசுக்கு 13 நாள் பிடித்த கணக்கு இவர்களுக்குத் தானாகவே தெரிந்திருந்தது.

புள்ளி வெட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. அளவுக்கு மீறிச் செலவு செய்து வீரர்களை வாங்கி, அதனால் ஜெயித்த அணியிடமிருந்து புள்ளியைத் திரும்ப வாங்குவது நியாயம். 2023இல் எவர்டன் கிளப்புக்கு 10 வெட்டி, மேல்முறையீட்டில் 6 ஆக்கினார்களே, அந்த வகை. ஒழுங்காகக் கணக்குப் பார்த்துத் தோற்ற மற்ற அணிக்கும் ரசிகர் உண்டு. ஆனால் முதலாளி சம்பளம் போடாததால் எந்த அணியும் கூடுதலாக ஒரு கோல் போட்டுவிடவில்லை. அந்தத் தப்புக்கு அவருடைய உரிமையில்தான் கை வைக்க வேண்டும்.

2025 ஜூலையில் இங்கிலாந்தில் சட்டமான கால்பந்து நிர்வாகச் சட்டம் அந்தப் பக்கம்தான் போகிறது. மேலிருந்து ஐந்து அடுக்கு கிளப்புகளுக்கும் ஒரே சுதந்திரக் கண்காணிப்பாளர். வாங்க வருபவரின் பணம் எங்கிருந்து வந்தது என்று முன்பே கேட்கலாம். தகுதியில்லை என்றால் இருக்கிற முதலாளியையும் வெளியேறச் சொல்லலாம். மைதானத்தை விற்க அனுமதி வேண்டும். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த பூட்டு ஒன்று இருக்கிறது. அது அரசு போட்டதல்ல.

[திரையில்: ஒரு பங்குப் பத்திரம், மிக அருகில்.]

திரும்பவும் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ். 1993இலேயே ரசிகர்கள் பங்கு வாங்கும் செல்சி பிட்ச் ஓனர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார்கள். அப்போது ஒரு பங்கு 100 பவுண்டு. எத்தனை பங்கு வாங்கினாலும் ஒருவருக்கு 100 ஓட்டுக்கு மேல் இல்லை. மைதான நிலம் அந்த நிறுவனத்துடையது. செல்சி ஃபுட்பால் கிளப் என்ற பெயரும் அதனுடையதுதான். 2011இல் அப்ரமோவிச் ஆட்கள் அந்த நிலத்தைத் திரும்ப வாங்கப் பார்த்தார்கள். 75 சதவீத ஓட்டு வேண்டும், 62கூட வரவில்லை. உலகத்தின் பெரிய பணக்காரர்களில் ஒருவர், ஆளுக்கு நூறு பவுண்டு போட்டவர்களிடம் தோற்றுப்போனார்.

இன்றைய முதலாளிகள் வேறு இடத்தில் புது மைதானம் கட்ட நினைத்தாலும், அந்த ரசிகர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் புது வாசலில் செல்சி என்று பலகை மாட்ட முடியாது.