பண்ணைக் கடற்கரைக்கு மோட்டார் சைக்கிளில் போய் நடக்கிறோம்

நடுவர் ஐயா அவர்களுக்கும் சபையோருக்கும் வணக்கம்.

இருந்த இடத்திலேயே வாழ்க்கை ஓடும் இந்தக் காலத்தில் உடம்பைக் காப்பது ஜிம்மா, அன்றாட வேலையா? இதுதான் கேள்வி. துலா மிதித்துக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த காலம் மலையேறிவிட்டது, இனி ஜிம்தான் கதி என்றார் எதிரணித் தலைவர்.

எங்கள் ஒழுங்கையில் ஒருவர். பின்னேரம் மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரைக்குப் போய், அரை மணித்தியாலம் நடப்பார். திரும்பி வரும்போது சந்திக் கடையில் இறங்காமலே கையை நீட்டிப் பாண் வாங்குவார். கடைக்கும் வீட்டுக்கும் இருநூறு அடி! சிரியாதீர்கள், போன வருசம் வரை அது நான்தான்.

1953-இல் ஜெரமி மொரிஸ் என்ற மருத்துவர் லண்டனின் இரட்டைத்தட்டு பஸ்களை ஆராய்ந்து எழுதினார். இருந்தபடி ஓட்டிய சாரதிகளைவிட, டிக்கெட் கொடுக்க நாள் முழுக்கப் படியேறி இறங்கிய நடத்துனர்களுக்கு இதயநோய் குறைவு. சாரதிக்கு வீதிப் பதற்றம் அதிகம் என்று எதிரணி மடக்கும். சரி, அதே ஆய்வில் தபால்காரரும் கந்தோரில் இருந்து எழுதியவரும் வருகிறார்கள். அங்கேயும் நடந்தவர் பக்கம்தான் நோய் குறைவு. அந்தத் தபால்காரர் எந்த ஜிம்முக்குக் காசு கட்டினார், ஐயா?

வாரத்துக்கு 150 நிமிடமாவது உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு 22 நிமிடம்கூட முழுதாக வராது. சந்தைக்குச் சைக்கிளில் போய்வந்தால் கணக்குத் தீர்ந்தது. தசைக்குப் பாரம் வேண்டாமா என்று கேட்டார்கள். 10 லீற்றர் வாளித் தண்ணீர் 10 கிலோ. கப்பிக் கிணற்றில் வாழைக்கும் தேசிக்கும் இருபது வாளி அள்ளிப் பாருங்கள், தோள் பதில் சொல்லும்.

முழங்கால் வருத்தக்காரருக்கு ஜிம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு நாள்தோறும் மனதைப் பிடித்து இழுக்க வேண்டும். வீட்டில் பாண் முடிந்தால் அப்படியல்ல, போயே ஆக வேண்டும்.

1990-களில் பொருளாதாரத் தடையால் எரிபொருள் கிடைக்காமல் யாழ்ப்பாணக் குடாநாடே சைக்கிளில் ஓடியது. அந்தக் கொடுமை திரும்ப வேண்டாம். 2022-இல் பெற்றோல் இல்லாமல் சைக்கிளைத் துடைத்து எடுத்தோமே, பெற்றோல் வந்ததும் ஏன் கொட்டிலுக்குள் தள்ளினோம்? நான் திருப்பிக் கேட்பது அந்தச் சைக்கிளை மட்டும்.

மணி அடித்துவிட்டார்கள். என் சைக்கிள் வாசலில் நிற்கிறது. எதிரணித் தலைவரும் எங்கள் பக்கம்தான் போவார், வரலாம். கரியரில் நான் இருப்பேன், அவர் மிதிக்கட்டும்.