உண்டியலுக்கு அரசு வேண்டாம், காணி உறுதிக்கு?

(திரையில்: கொழும்பு புறக்கோட்டை, காலை நெரிசல். நாட்டாமைகள் வண்டி தள்ளுகிறார்கள்.)

2021இன் கடைசி மாதங்கள். வங்கியில் டாலரின் விலையை 203 ரூபாய் அளவில் கட்டிப்போட்டிருந்தார்கள். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மாறி ஆள் காசு அனுப்பும் முறையில், அதைவிட நல்ல விலை. டோஹாவில் வேலை செய்பவர் அங்கே ஒருவரிடம் றியாலைக் கொடுப்பார். கொட்டாஞ்சேனையில் அவருடைய அம்மாவின் கைக்கு ரூபாய் வந்துவிடும். ரசீது கிடையாது. காசு வராவிட்டால் வழக்குப் போடவும் வழியில்லை, கொடுக்கல் வாங்கலே சட்டத்துக்கு வெளியே நடந்தது. ஆனாலும் காசு மாதா மாதம் வந்தது.

அரசு இல்லாமல் சந்தை நடக்குமா என்று கேட்டால், இதோ நடக்கிறதே என்றுதான் சொல்வேன்.

புறக்கோட்டை மொத்தக் கடைகளையே பாருங்கள். வெளியூர்க் கடைக்காரருக்குச் சரக்கு கடனுக்குத்தான் போகும். கையில் இருப்பது, திகதி தள்ளிப் போட்ட ஒரு செக். அது திரும்பினால் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போகலாம்தான். அதற்கு முன்பே குறுக்குத் தெரு முழுக்கச் செய்தி போய்விடும், அடுத்த லோட் எங்கேயும் கிடைக்காது. ஏமாற்றுவதில் வரும் லாபம் ஒரு தடவை. கெட்ட பெயர் பிள்ளைகள் காலம் வரைக்கும் நிற்கும்.

மரே ரொத்பார்ட், டேவிட் ஃப்ரீட்மன் போன்ற அமெரிக்கப் பொருளியலாளர்கள் இதையே இன்னும் தூரம் கொண்டுபோனார்கள். பொலிஸ், நீதிமன்றம் இரண்டையும்கூட போட்டி போடும் தனியார் நிறுவனங்களே விற்கட்டும், அரசு எதற்கு என்றார்கள்.

சரி, இப்போது வெள்ளவத்தைக்கு வாருங்கள்.

(திரையில்: காலி வீதி. மாடி வீடுகளுக்கு நடுவே மதில் கட்டிய ஒரு வெறுங்காணி.)

ஒரு கற்பனைக் கதை. இந்தக் காணிக்காரர் கனடாவில் இருக்கிறார். ஒருநாள் யாரோ ஒருவர் கள்ள உறுதி முடித்து, அதைக் காட்டி மூன்றாவது ஆளுக்கு விற்றுவிடுகிறார். வாங்கியவர் முழுக்காசும் கொடுத்தவர். இரண்டு பேரிடமும் உறுதி இருக்கிறது, ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை. விற்றவர் ஆளைக் காணவில்லை, அவருக்குப் பெயர் கெடுவதைப் பற்றிக் கவலையும் இல்லை. புறக்கோட்டையில் வேலை செய்த மருந்து இங்கே வேலை செய்யாது.

செக் விஷயம் இரண்டு பேருக்கு இடையிலானது. காணி உரிமை அப்படியல்ல. நான் ஒருபோதும் சந்திக்காத ஆளும் அதை ஏற்றாக வேண்டும், ஏற்காவிட்டால் யாராவது ஏற்கவைக்க வேண்டும். உரிமையின் எல்லைகூட ஒரு சட்டத்தில்தான் இருக்கிறது. இலங்கையில் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, இன்னொருவருடைய காணியைத் தன்னுடையதாகவே 10 வருடம் தடையில்லாமல் ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். ஏன் 10? ஏன் 20 இல்லை? யாரோ ஒருவர் முடிவெடுத்து, எல்லோருக்கும் பொதுவாக்கியிருக்கிறார்.

இதையும் தனியார் நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். கனடாக்காரர் ஒரு நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டுகிறார், வாங்கியவர் இன்னொன்றுக்கு. சண்டை செலவு கூடிய விஷயம் என்பதால் இரண்டும் ஒரு நடுவரிடம் போகும் என்பது ஃப்ரீட்மனின் வாதம். நிறுவனங்கள் சம பலத்தோடு இருக்கும்வரை அது சரி. ஒன்று பெருத்துவிட்டால்? பலமான ஒரு பாதுகாப்பு நிறுவனம் மற்றவற்றை அடக்கி, கடைசியில் தானே ஒரு குட்டி அரசாகிவிடும் என்று அமெரிக்க மெய்யியலாளர் ரொபர்ட் நோசிக் 1974இல் எழுதினார். கொழும்பில் கப்பம் கட்டிய கடைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதற்கும் பாதுகாப்பு என்றுதான் பெயர். வேண்டாம் என்று சொல்லத்தான் முடியாது.

அதற்காக அரசு வந்தால் சொத்து பத்திரம் என்று நான் சொல்லமாட்டேன். 1840இல் பிரித்தானிய ஆட்சி ஒரு சட்டம் போட்டது: காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம், வேறு விதமாக நிரூபிக்காதவரை முடிக்குச் சொந்தம். கண்டி மலைநாட்டில் சேனைப்பயிர் செய்தவரிடம் உறுதிப் பத்திரம் ஏது? அப்படிப் போன நிலங்களில்தான் கோப்பித் தோட்டங்கள் எழும்பின, நம் மலையகத்தாரும் அங்கேதான் கொண்டுவரப்பட்டார்கள். தோட்டத்துரையின் 'தனியார் சொத்து' அரசின் பேனாவில் பிறந்தது.

(திரையில்: கறுப்பு. ஆண்டு மட்டும்: 1983.)

அரசு வேண்டாம் என்பவர்களின் மிகப் பலமான சாட்சி இந்த ஆண்டுதான். ஜூலையில் கொழும்புத் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது அரசு இருந்தது, பொலிஸ் இருந்தது, உறுதிகள் காணிப் பதிவகத்தில் இருந்தன. வந்த கும்பல்களில் சிலரின் கையில் வாக்காளர் பட்டியலே இருந்தது.

ஆனால் இதில் நான் அவர்களோடு ஒத்துப்போகவில்லை. அந்த வாரம் பாதுகாப்பைக் காசுக்கு வாங்க முடிந்திருந்தாலும், கும்பலைவிடச் சிறிய சமூகத்தால் எவ்வளவு வாங்கியிருக்க முடியும்? தெருவில் யாருடைய ஆட்கள் அதிகமோ அவர்கள் சொன்னதே தீர்ப்பு. அன்றைக்கு இல்லாமல் போனது, அரசையே கையைப் பிடித்து நிறுத்தக்கூடிய ஒரு நீதிமன்றம். அதைச் சந்தையில் எப்படி வாங்குவது என்று ரொத்பார்ட்டின் ஆட்களிடம்தான் கேட்க வேண்டும்.