சீட்டின் பின்பக்கத்தில் யார் பெயர்?

நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரியில் படிக்கிற ஒரு பையன், ஒரு பெண். இருவர் கையிலும் பஸ் காசுக்கு மேல் கிடையாது. ஒரு நாள் மதியம் கோடிக்கணக்கில் பரிசு விழுகிறது. இளையோருக்கான காதல் நாவல் எழுத உட்காருகிற பலருக்கு இந்தக் கரு வரும். முப்பதாம் பக்கத்தில் கார், நாற்பதாம் பக்கத்தில் நகைக்கடை, அறுபதாம் பக்கத்தில் "பணம் வந்ததும் நீ மாறிட்ட" என்று ஒரு சண்டை. அதற்கு மேல் கதை நகராது. பரிசு விழுந்த நிமிடமே எழுதுகிறவர் பணத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார், அதுதான் கோளாறு. லாட்டரிப் பணம் அப்படி வருவதில்லை. சீட்டு சட்டைப்பையில் இருக்கும், பணம் இன்னும் வந்திருக்காது. நாவலுக்கு வேண்டியதெல்லாம் அந்த நாட்களில் கிடக்கிறது.

முதலில் இடம். தமிழ்நாட்டில் லாட்டரி 2003-ல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆகவே இன்றைய கதை என்றால் எல்லையைத் தாண்டியாக வேண்டும். கேரளத்தில் அரசே லாட்டரித் துறை நடத்துகிறது. முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26-ல். சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். சில வருடங்களாக, ஓணத்தை ஒட்டி நடக்கும் பெரிய குலுக்கலான திருவோணம் பம்பரின் சீட்டு 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. கோவையில் ஏறி வாளையாரில் இறங்கினால் சீட்டு வாங்கிவிடலாம். 2023-ல் அந்த 25 கோடி விழுந்ததே வாளையாரில் விற்ற சீட்டுக்குத்தான். வாங்கியவர்கள் திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நான்கு பேர். தென்காசிக்காரர்கள் ஆரியங்காவை வைத்துக்கொள்ளலாம், குமரிக்காரர்களுக்குப் பாறசாலை இருக்கிறது. சீட்டை மட்டும் கேரளத்துக்குள் வாங்கவையுங்கள். கோவை உக்கடத்தில் யாரோ ரகசியமாக விற்ற சீட்டு என்று எழுதினால் அது போலீஸ் கதையாகிவிடும்.

அடுத்து, 500 ரூபாய். மாணவர்களுக்கு அது சின்னக் காசில்லை, சேர்ந்துதான் போடுவார்கள். யார் எவ்வளவு போட்டார் என்பதை முதல் அத்தியாயத்திலேயே ரூபாய்க் கணக்கில் சொல்லிவிடுங்கள். 2023 மழைக்கால பம்பரில் 10 கோடி விழுந்தது பரப்பனங்காடி நகராட்சியில் குப்பை சேகரிக்கும் 11 பெண்களுக்கு. சீட்டு விலை 250. ஒன்பது பேர் தலைக்கு 25 ரூபாய் போட, மிச்ச 25-ஐ இரண்டு பேர் ஆளுக்குப் பன்னிரண்டரையாகப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தப் பன்னிரண்டரை ரூபாயைக் கற்பனையில் பிடிப்பது கஷ்டம். உங்கள் நாவலில் 500-ஐயும் அவள் கொடுத்திருக்கட்டும். "என் பங்கு இருநூறை நைட்டு ஜீபே பண்றேன்" என்று சொன்ன பையன் மறந்துபோகட்டும். குலுக்கல் முடிந்த பிறகு அந்த 200 ரூபாய் என்னவாகும்? அனுப்பினாலும் அசிங்கம், அனுப்பாவிட்டாலும் அசிங்கம். எழுத வருகிறவருக்கு இதுவே மூன்று அத்தியாயம் கொடுக்கும்.

இப்போது சீட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் பெயர், முகவரி, கையெழுத்துக்கு இடம் உண்டு. அதை நிரப்பும்வரை சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவருடையது. தொலைந்தால் போயிற்று, திருடினால் நிரூபிப்பது பெரும்பாடு. சட்டையோடு துவைத்துவிட்டாலோ, எண்ணோ பார்கோடோ கிழிந்தாலோ பரிசே கேள்விக்குறி. ஆகவே பரிசு விழுந்தது தெரிந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை பேனாவை எடுப்பது. காதலைச் சொல்லும் காட்சிக்குக் கடற்கரை, மழை என்று தேடாதீர்கள். ஒரு பால்பாயிண்ட் பேனா, இரண்டு அங்குல வெற்றிடம், யார் பெயரை எழுதுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற பத்து விநாடி போதும்.

இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது என்றால் முத்திரைத்தாளில் பிரமாணம் எழுதி, பணம் பெற ஒருவரை நியமிக்க வேண்டும். பேன் கார்டு, ஆதார் நகல், கெஜட்டட் அதிகாரியோ நோட்டரியோ சான்றளித்த புகைப்படங்கள், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது இவற்றோடு சீட்டை 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். வங்கி மூலமும் கொடுக்கலாம். கடைக்காரரே கையில் காசு தருவது 5,000 ரூபாய் வரைக்கும்தான். இந்த 30 நாளைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு அத்தியாயங்களைப் பிரியுங்கள். ஐம்பதாயிரம் சொற்கள் எழுதுவதாக இருந்தால் குலுக்கல் பத்தாயிரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். நாவலின் நடுப்பகுதி முழுக்க இந்த முப்பது நாள்தான்.

கணக்கில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். 25 கோடி விழுந்தால் 25 கோடி வராது. 2022, 2023 பம்பர் கணக்குப்படி ஏஜெண்ட் கமிஷன் பத்து சதவீதம், இரண்டரைக் கோடி முதலில் போகும். மீதி இருபத்திரண்டரையில் 30 சதவீத வரி, 6 கோடியே 75 லட்சம், பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள். வங்கிக்கு வருவது 15 கோடியே 75 லட்சம். அத்தோடு முடிந்தது என்று ஊரே நினைக்கும். முடியவில்லை. அந்த வரித்தொகையின் மேல் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரியும், இரண்டையும் கூட்டி அதன் மேல் செஸ் என்று 4 சதவீதமும் வென்றவர் தானாகப் போய்க் கட்ட வேண்டும். கதை 2022-ல் நடந்தால் சர்சார்ஜ் 37 சதவீதம், கையில் நிற்பது ஏறத்தாழ 12 கோடியே 88 லட்சம். 2023-ல் நடந்தால், புதிய வரி முறையில் அது 25 சதவீதம், நிற்பது 13 கோடியே 72 லட்சத்துச் சொச்சம். முன்கூட்டி வரி கட்டும் அடுத்த தவணை டிசம்பர் 15. செப்டம்பரில் பரிசு விழுந்த பையன் அக்காவுக்கு வீடு, அப்பாவின் கடன், நண்பனுக்குக் கடை என்று நவம்பருக்குள் வந்த பணம் முழுவதையும் பங்கு போட்டுவிட்டால், டிசம்பரில் அவனுக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல் துண்டு விழும். வில்லன் யாரும் தேவைப்படாது.

இன்னும் சுவையான இடம் ஒன்று. சீட்டில் பையன் பெயர் மட்டும் இருக்கிறது. பணம் வந்ததும் பாதியை அவளுக்குக் கொடுக்கிறான் என்று வையுங்கள். வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் காதலி உறவினர் இல்லை. உறவினர் அல்லாதவரிடம் ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பு வாங்கினால் மொத்தத் தொகைக்கும் வாங்கியவர் வரி கட்ட வேண்டும். ஏற்கெனவே வரி போன பணத்துக்கு மறுபடி வரி. அதே பணம் திருமணத்தை ஒட்டி வந்த அன்பளிப்பு என்றால் வரி இல்லை. ஆனால் பையனுக்கு 21 முடியாமல் கல்யாணத்தைச் சட்டம் அனுமதிக்காது. சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்வதென்றாலும் 30 நாள் நோட்டீஸ் ஒட்டுவார்கள். கதாநாயகனுக்கு 19 வயது என்று போட்டுவிட்டால் அந்தக் கதவும் அடைத்தாகிவிட்டது. ஆக, "இதுல பாதி உன்னோடது" என்பதை அவன் முப்பது நாளுக்குள், முத்திரைத்தாளில், சாட்சியோடு சொல்லியாக வேண்டும். "உன்னைப் பிடிச்சிருக்கு" என்று இன்னும் வாயால் சொல்லியிருக்கவே மாட்டான்.

அவளுக்கு 18 நிரம்பவில்லை என்றால் இன்னொரு முடிச்சு. மைனர் பெயரில் பரிசு என்றால் காப்பாளர் சான்றிதழ் கேட்பார்கள், வருமானமும் பெற்றோரில் ஒருவர் கணக்கில்தான் சேரும். பெண்ணின் பிறந்த தேதியைப் பேசாமல் விட்டுவிடாதீர்கள்; இருபத்தெட்டாம் நாள் அவளுக்குப் பதினெட்டு நிரம்புகிறது என்று வைத்துப் பாருங்கள், அதற்குள் சீட்டை எடுக்க அப்பா வீட்டில் அலமாரிச் சாவியைத் தேடுவார்.

உரையாடலில் பணத்தின் எடையைக் காட்டக் கோடிகள் உதவாது, டீக்காசுதான் உதவும். பரிசுக்கு முன்பு டீக்கு யார் காசு கொடுப்பார்கள் என்பதை இரண்டு முறையாவது காட்டியிருக்க வேண்டும். பிறகு இப்படி ஒரு காட்சி:

"எவ்வளவுண்ணா?"

"இருபத்தி நாலு."

"இரு, நான் குடுக்கறேன்."

"ஏன், எப்பவும் நான்தான குடுப்பேன்?"

"இல்ல... இனிமே..."

"இனிமே என்ன?"

இங்கே நிறுத்திவிடுங்கள். "பணம் நம்மைப் பிரிக்கிறது" என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

சொந்தக்காரர் கூட்டம், கைமாற்று கேட்கிறவர்கள், நன்கொடை ரசீது புத்தகத்தோடு வருகிறவர்கள் எல்லோரும் வருவார்கள், அளவாக வைத்துக்கொள்ளுங்கள். 2022-ல் 25 கோடி வென்ற திருவனந்தபுரத்துக்காரர், உதவி கேட்டு வருகிறவர்களால் சொந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்று சில நாளிலேயே செய்தியாளர்களிடம் சொன்னார். கறுப்புப் பணம் வைத்திருப்பவர் பரிசுத் தொகைக்கு மேலேயே ரொக்கமாகக் கொடுத்துச் சீட்டை வாங்கிக்கொள்ளப் பார்ப்பதும் நடக்கிற விஷயம்தான். பரிசு பெற்றவர்களுக்குப் பணத்தைக் கையாளுவது பற்றி லாட்டரித் துறை ஒரு நாள் வகுப்பு நடத்தியிருக்கிறது. திருமண மண்டபம், மருத்துவமனை என்று காட்சி வைத்துச் சலித்தவர்கள் இந்த வகுப்பறையை எட்டிப் பார்க்கலாம். ஒரே நாளில் கோடீஸ்வரர்களானவர்கள் வரிசையாக உட்கார்ந்து நோட்டில் குறிப்பெடுக்கிற இடம் அது.

ஆனாலும் முதல் நாவல் எழுதுகிறவர் 25 கோடியைத் தொட வேண்டாம் என்பதே என் யோசனை. ஆறுதல் பரிசு என்று ஒன்று உண்டு. முதல் பரிசு பெற்ற அதே எண், வேறு வரிசை எழுத்து: 5 லட்சம். பிடித்தம் போக மூன்று லட்சத்துச் சொச்சம் கிடைக்கும். ஒரே எழுத்தில் 25 கோடி போய்விட்டது. வந்த மூன்று லட்சமோ ஒருவருடைய கல்லூரிக் கட்டணத்துக்குச் சரியாக இருக்கும், இருவருக்கும் போதாது. பதினெட்டு வயதுக்காரர்களுக்கு 13 கோடி என்றால் வெறும் எண். மூன்று லட்சம் என்றால் என்னவென்று தெரியும்.

கடைசியாகத் தேதி. உண்மையான குலுக்கலை எடுத்துக்கொண்டால் கிழமையைச் சரிபாருங்கள். பம்பர் குலுக்கல் மதியம் இரண்டு மணிக்கு. 2022-ல் அது செப்டம்பர் 18, ஞாயிறு. பையனும் பெண்ணும் அவரவர் வீட்டில், நடுவில் போன் மட்டும். 2023-ல் செப்டம்பர் 20, புதன், இருவரும் வகுப்பில். பெஞ்சுக்கு அடியில் போன், போர்டுக்கு முன்னால் ஆசிரியர், மூன்று வரிசை தள்ளி அவள். முதல் பரிசு எண்ணை அவன் முதலில் பார்ப்பதா, அவள் பார்ப்பதா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அவள் பார்த்தால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. 500 ரூபாய் கொடுத்தவள் அவள். சீட்டு இருப்பது அவன் பையில்.

வணக்கம்.