எழுபது கிலோவைத் தாங்கும் மூன்று மில்லிமீட்டர்

எல்லாருக்கும் வணக்கம். கிட்டார் செய்யும் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மரம் வாங்குவதில் தொடங்கி பாலிஷ் போடுவது வரை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் பாதியிலேயே தூங்கிவிடுவீர்கள், நானும் தூங்கிவிடுவேன். அதனால் அட்டையில் செய்த ஒரு கிட்டாரிலிருந்து தொடங்குகிறேன்.

1862-ல் ஸ்பெயினின் செவில் நகரத்தில் அந்தோனியோ தெ தோரெஸ் என்ற கிட்டார் செய்பவர் ஒரு வேடிக்கையான காரியம் செய்தார். ஒரு கிட்டாருக்குத் தந்திகளுக்கு அடியில் இருக்கும் மேல்பலகையை மட்டும் வழக்கம்போல ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தில் செய்தார். முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையில் செய்து ஒட்டிவிட்டார். அது கிட்டாராகத்தான் ஒலித்தது. இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மனிதர் விளையாட்டுக்குச் செய்யவில்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்ற வாதத்தை வாயால் பேசாமல் கையால் செய்து காட்டினார். மேல்பலகைதான் பாடுகிறது, மற்றதெல்லாம் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. முதுகுப்பலகைக்கும் ஓரளவு பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கடையில் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது பளபளக்கும் முதுகைத்தான்.

தோரெஸ் அடிப்படையில் தச்சர். அமெரிக்க கிட்டாரின் பிதாமகர் என்று சொல்லப்படும் சி. எஃப். மார்ட்டினும் தச்சர் குடும்பம்தான். அவருடைய ஊரான ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஷனில், மேசை நாற்காலி செய்கிற ஆட்கள் கிட்டார் செய்யக் கூடாது என்று வயலின் செய்பவர்களின் சங்கம் வழக்காடியது. சங்கம் ஜெயிக்கவில்லை. ஆனாலும் மார்ட்டின் 1833-ல் நியூயார்க்குக்குக் கப்பல் ஏறிவிட்டார். பிறகு பென்சில்வேனியாவின் நாசரேத்தில் குடியேறினார். இன்னார்தான் இந்த வேலை செய்யலாம் என்ற சண்டை நமக்கு மட்டும் சொந்தமில்லை.

சரி, மேல்பலகைக்கு வருவோம். ஆறு எஃகுத் தந்திகளையும் முறையான சுருதிக்கு ஏற்றினால் மொத்த இழுவிசை ஏறத்தாழ 70 கிலோ. நைலான் தந்தி என்றால் 40 கிலோ அளவில் இருக்கும். இந்த இழுப்பு பிரிட்ஜ் என்ற சின்னக் கட்டையின் வழியாக மேல்பலகைக்குப் போகிறது. நேராக இழுத்தாலாவது பரவாயில்லை, பிரிட்ஜை முன்பக்கம் கவிழ்க்கப் பார்க்கிறது. அதனால்தான் பழைய கிட்டார்களில் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை உப்பியும் முன்னால் குழிந்தும் இருக்கும். அந்தப் பலகையின் கனம் எவ்வளவு? மூன்று மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒரு முழு ஆளைத் தொங்கவிட்டது மாதிரி, வருஷக்கணக்கில், ராத்திரி பகல் எந்நேரமும்.

கனத்தைக் கூட்டினால் பலகை நூறு வருஷம் நிற்கும், ஆனால் வாயே திறக்காது. குறைத்தால் அருமையாகப் பாடும், இரண்டு மூன்று வருஷத்தில் வயிறு தள்ளிவிடும். நல்ல கிட்டார் என்பது விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திய கட்டடம். எங்கே நிறுத்துவது என்பதுதான் இந்தத் தொழில். மற்ற வேலைகளை எல்லாம் ஒரு நல்ல ஆசாரி சில மாதங்களில் கற்றுக்கொள்வார்.

இதை ஏன் ஓர் எண்ணாக எழுதி சுவரில் ஒட்டிவைக்க முடியாது? ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள் ஒன்றுபோல இருப்பதில்லை. பட்டறையில் நடப்பதைச் சொல்கிறேன். ஒரு பலகையை நடுவில் பிளந்து, புத்தகத்தைத் திறப்பதுபோலத் திறந்து ஒட்டுவோம். ரேகைகள் செங்குத்தாக, நெருக்கமாக ஓட வேண்டும். ஒட்டு காய்ந்ததும் இழைப்புளி போடுவோம். நான்கைந்து இழைப்புக்கு ஒரு தடவை நிறுத்தி, இரண்டு கையாலும் ஓரங்களைப் பிடித்து, குறுக்கே மெல்ல வளைத்துப் பார்ப்போம். அப்புறம் மேல் ஓரத்துக்குச் சற்றுக் கீழே இரண்டு விரலால் தொங்கவிட்டு, விரல் முட்டியால் நடுவில் தட்டுவோம். கனமாக இருக்கும்போது ‘டொக்’ என்று செத்த சத்தம். இழைக்க இழைக்க அது கீழே இறங்கி நீளும். ஒரு கட்டத்தில் தட்டியபின் ஓசை உடனே அடங்காமல் கொஞ்ச நேரம் நீடிக்கும். அதற்கு மேல் அவசரம் ஆகாது. விறைப்பு என்பது கனம் × கனம் × கனம் என்ற கணக்கில் மாறுகிறது. 3 மில்லிமீட்டரை 2.7 ஆக்கினால் கனம் குறைந்தது பத்து சதவீதம்தான், விறைப்போ 27 சதவீதம் போய்விடும். கூர்மையான இழைப்புளி இரண்டு மூன்று தடவை கூடுதலாக ஓடினால் போதும்.

பலகையின் அடியில் ஒட்டும் மெல்லிய ரீப்பர்களுக்கும் இதே கணக்குதான். உயரத்தைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். தோரெஸ் இவற்றை விசிறிபோல ஏழாக விரித்து ஒட்டுவார். மார்ட்டின் பட்டறையில் 1840களில் பெருக்கல் குறிபோல ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகப் போடும் அமைப்பு வந்தது. அப்போது எஃகுத் தந்தி புழக்கத்தில் இல்லை, குடல் நரம்புத் தந்திக்காகச் செய்தது அது. எண்பது வருஷம் கழித்து எஃகுத் தந்தி பரவியபோது, அந்தக் குறுக்கு அமைப்புதான் பாரத்தைத் தாங்கியது.

தோரெஸ் வயதான பிறகு, உங்கள் ரகசியம் என்ன என்று அவருடைய நண்பரான ஒரு பாதிரியார் கேட்டாராம். ரகசியம் என் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல் நுனியில் இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் போக முடியாது என்கிற மாதிரி பதில் சொன்னார் என்பது பதிவாகியிருக்கிறது. அவ்வளவு பெரிய கலைஞருக்கு கிட்டார் மட்டும் சோறு போடவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சில வருஷம் அல்மேரியாவில் பீங்கான் பாத்திரக் கடை வைத்திருந்தார்.

அப்படியானால் தொழிற்சாலை கிட்டார் மோசமா? கையால் செய்தது என்றாலே உசத்தி என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஃப்ரெட், அதாவது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி, அதற்குப் பள்ளம் அறுப்பதில் இன்றைய கணினி இயந்திரத்தை என் ரம்பம் ஜெயிக்காது. ஆனால் தொழிற்சாலை எல்லாப் பலகைக்கும் ஒரே கனம் வைத்தாக வேண்டும். வரும் பலகைகளில் பலவீனமானது எதுவோ அது தாங்குகிற கனம்தான் எல்லாவற்றுக்கும் விதி. உத்தரவாதத்தில் திரும்பி வரும் ஒவ்வொரு கிட்டாரும் நஷ்டம் அல்லவா? ஆகவே நல்ல பலகைகளும் தேவைக்கு மேல் தடிமனாகவே வெளியே போகின்றன. சிறு பட்டறைக்கு இருக்கிற ஒரே சாதகம், ஒவ்வொரு பலகையிடமும் தனித்தனியாகப் பேச நேரம் இருப்பதுதான்.

ஃப்ரெட் விஷயம் வந்துவிட்டதால் ஒரு கணக்கு. தந்தியின் நீளம் 650 மில்லிமீட்டர் என்று வையுங்கள். அதை 17.817-ஆல் வகுத்தால் 36.5; தலைப்பக்கத்திலிருந்து அத்தனை மில்லிமீட்டரில் முதல் ஃப்ரெட். மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுக்க வேண்டும். இப்படியே போனால் பன்னிரண்டாவது சரியாக 325-ல், நடுவில் விழும். பழைய காலத்தில் 18-ஆல் வகுத்தார்கள். 16-ஆம் நூற்றாண்டில் இதை எழுதிவைத்த வின்சென்சோ கலிலேயி, விஞ்ஞானி கலிலியோவின் அப்பா. 18-ஆல் வகுத்தால் பன்னிரண்டாவது ஃப்ரெட் நடுவுக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் முன்னதாகவே நின்றுவிடும், சுருதி கொஞ்சம் இறங்கும். ஆனால் விரலால் அழுத்தும்போது தந்தி இழுபட்டு சுருதி கொஞ்சம் ஏறும். தப்பும் தப்பும் சேர்ந்து ஓரளவு சரியாகிவிட்டது!

நம் தஞ்சாவூர் வீணையில் இந்தக் கணக்குக்கே வேலை இல்லை. பலா மரத்தில் குடம் குடைந்து, தண்டியின் மேல் மெழுகுச் சட்டம் அமைத்து, மெட்டு என்கிற வீணை ஃப்ரெட்டுகள் 24-ஐயும் காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி நிறுத்துகிறார்கள். மேளம் கட்டுவது என்பார்கள். மெழுகு இளகி மெட்டு நகர்ந்தால் திரும்பவும் கட்ட வேண்டும். ஃப்ரெட்டை அடித்து இறக்கியபின் அசைக்க முடியாத எனக்கு அந்தக் கைகளைப் பார்த்தால் பொறாமைதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. கிட்டார் அயல்நாட்டு வாத்தியம் என்கிறோம். அதன் உடம்பில் பாதி நம் பக்கத்துச் சரக்கு. பிரேசில் தன் ரோஸ்வுட் மரத்துண்டுகளின் ஏற்றுமதிக்குத் தடை போட்டபின், மார்ட்டின் கம்பெனி 1969 வாக்கில் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது வேறொன்றுமில்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோம். 2017-ல் ரோஸ்வுட் இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. தன் கிட்டாரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டலாமா என்று கலைஞர்களே குழம்பிப்போனார்கள். செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019-ல் விலக்குக் கொடுத்தார்கள். மேலே பூசும் பிரெஞ்ச் பாலிஷ் இருக்கிறதே, பெயர்தான் பிரெஞ்ச்; ஸ்பிரிட்டில் கரைப்பது அரக்கு. ஜார்க்கண்ட் காடுகளில் பூச்சி கொடுப்பது.

கடைசியாக, கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு. பட்டறையில் காற்றின் ஈரப்பதம் 45, 50 சதவீதம் இருக்கும்படி பார்த்துக்கொண்டு ஒட்டுகிறோம். சென்னைக் காற்றில் பலகை ஊறி உப்பும். ராத்திரி முழுக்க ஏசி ஓடும் அறையில் சுவரில் மாட்டினால் வற்றிச் சுருங்கும். வாசித்து முடித்ததும் பெட்டியில் வையுங்கள். மே மாத வெயிலில் பூட்டிய காரில் விட்டுப் போகாதீர்கள். தச்சர்கள் காய்ச்சும் வச்சிரப் பசையானாலும் இப்போதைய மரப்பசையானாலும் சூட்டில் இளகும், பிரிட்ஜ் கையோடு வந்துவிடும். வந்தால் வரட்டும், அது பெரிய வேலை இல்லை. இளகுகிற பசை என்பதால்தான் எந்த ஒட்டையும் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி ஒட்ட முடிகிறது. தயவுசெய்து நீங்களே சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிக்கொண்டு வராதீர்கள். அப்புறம் அந்தப் பசையைச் சுரண்டி எடுக்கிற கூலிதான் பில்லில் பெரிதாக நிற்கும்.