யூசர் இப்போது எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறார்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றைப் படித்ததும், மற்றவற்றை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு இதற்கு முதலில் பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சார், எங்கள் ஆபீசில் 200 கம்ப்யூட்டர், எல்லாமே டொமைனில் இருக்கின்றன. ஒரு யூசர் இப்போது எந்தக் கம்ப்யூட்டரில் லாகின் செய்திருக்கிறார் என்று சர்வரில் இருந்தே பார்க்க முடியுமா? ஆக்டிவ் டைரக்டரியில் அவர் பெயரைத் திறந்து எல்லா டேபையும் பார்த்துவிட்டேன், எங்கேயும் இல்லை." எல்லா டேபையும் பார்த்தேன் என்கிறாரே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தம்பி, நீங்கள் எதையும் கவனிக்காமல் விடவில்லை. டொமைன் என்றால் ஒரே இடத்தில் இருந்து நிர்வகிக்கிற கம்ப்யூட்டர் கூட்டம், அதில் இருக்கிற யூசர், கம்ப்யூட்டர் விவரங்களின் பட்டியல்தான் ஆக்டிவ் டைரக்டரி. யூசர் இப்போது எங்கே இருக்கிறார் என்பது அதில் இல்லவே இல்லை.

அக்கவுன்ட் டேபில் 'லாக் ஆன் டு' என்று ஒரு பட்டன் இருக்கும், பலர் அதைப் பார்த்துக் குழம்புவார்கள். இவர் எந்தெந்தக் கம்ப்யூட்டரில் லாகின் செய்யலாம் என்று அனுமதி கொடுக்கிற இடம் அது, அவ்வளவுதான். ஆட்ரிபியூட் எடிட்டருக்குள் போனால் 'லாஸ்ட் லாகான்' கிடைக்கும். அதில் நேரம் இருக்கும், கம்ப்யூட்டர் பெயர் இருக்காது. அந்த நேரமும் ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரிலும் (லாகினைச் சரிபார்க்கிற சர்வர்) தனித்தனியாகத்தான் பதிவாகிறது. பக்கத்திலேயே இருக்கும் 'லாஸ்ட் லாகான் டைம்ஸ்டாம்ப்' எல்லா டொமைன் கன்ட்ரோலருக்கும் போய்ச் சேரும், ஆனால் அது 14 நாள் வரை பின்தங்கி இருக்கலாம். யார் பல மாதமாக வரவே இல்லை என்று பார்க்கத்தான் அது உதவும்.

டொமைன் கன்ட்ரோலர் பற்றி வரும்போதெல்லாம் நான் சொல்வதைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் கேட்டிருப்பீர்கள், இன்னொரு தடவை சொல்கிறேன். அது கல்யாண மண்டப வாசலில் மொய் எழுத உட்கார்ந்திருப்பவர் மாதிரி. யார் வந்தார், எந்த ஊர், எவ்வளவு வைத்தார், எல்லாம் நோட்டில் இருக்கும். அதற்குப் பிறகு அந்த ஆள் பந்தியில் இருக்கிறாரா, கிளம்பிப் போய் பஸ் ஏறிவிட்டாரா என்று மொய் எழுதுபவரிடம் கேட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? டொமைனில் லாகினைச் சரிபார்க்கிற முறைக்குக் கெர்பரோஸ் என்று பெயர், அதுவும் அப்படித்தான். காலையில் லாகின் செய்யும்போது டொமைன் கன்ட்ரோலர் ஒரு டிக்கெட் கொடுக்கிறது, சாதாரணமாக அது 10 மணி நேரம் செல்லும். யூசர் பதினொரு மணிக்கே லாக் ஆஃப் செய்துவிட்டாலும் அதைப் போய்ச் சொல்கிற ஏற்பாடு கெர்பரோஸில் கிடையாது. லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போய் நெட்வொர்க் இல்லாமலே லாகின் செய்பவர்கள் வாசலுக்கே வருவதில்லை, அந்தக் கம்ப்யூட்டரே தன்னிடம் சேமித்து வைத்திருப்பதை வைத்து உள்ளே விட்டுவிடும்.

சரி, நோட்டில் எழுதியதையாவது பார்க்கலாம் அல்லவா? பார்க்கலாம். டொமைன் கன்ட்ரோலரில் ஈவன்ட் வியூவரைத் திறந்து செக்யூரிட்டி லாகில் (பதிவேட்டில்) 4768 என்ற எண்ணை ஃபில்டர் செய்யுங்கள். டிக்கெட் கேட்ட யூசர் பெயரும், எந்த ஐபி முகவரியில் இருந்து கேட்டார் என்பதும் அதில் இருக்கும். உங்களிடம் இரண்டு மூன்று டொமைன் கன்ட்ரோலர் இருந்தால் எல்லாவற்றிலும் பார்க்க வேண்டும், யார் எதனிடம் போனார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது, அவசரத்துக்கு நான் முதலில் போவது அங்கேதான். ஃபைல் சர்வர். எல்லோருக்கும் ஒரு டிரைவ் மேப் செய்து கொடுத்திருப்பீர்களே, அந்த சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், அதில் ஷேர்டு ஃபோல்டர்ஸ், அதற்குள் செஷன்ஸ். இடது பக்கம் யூசர் பெயர், அதை ஒட்டியே கம்ப்யூட்டர் பெயர் அல்லது ஐபி. பவர்ஷெல் பழகியவர்கள் கெட்-எஸ்எம்பிசெஷன் என்று அடித்தால் போதும். ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். அந்த டிரைவில் எதையும் திறக்காமல் 15 நிமிடம் சும்மா இருந்தால் சர்வர் அந்தத் தொடர்பைத் துண்டித்துவிடும், பட்டியலிலும் பெயர் இருக்காது. ஆள் இடத்தில்தான் இருப்பார். பட்டியலில் பெயர் இருந்தால் நம்புங்கள், இல்லை என்பதற்காக ஆள் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

கம்ப்யூட்டரையே நேரடியாகக் கேட்கவும் முடியும். கமாண்ட் பிராம்ப்டில் குவெரி யூசர் என்று அடித்து ஸ்லாஷ் சர்வர் கோலன், அப்புறம் கம்ப்யூட்டர் பெயர். யார் இருக்கிறார், ஆக்டிவா டிஸ்கனெக்டா, எப்போது லாகின் செய்தார், எல்லாம் வரும். நடுவில் ஃபயர்வால் வழிவிட வேண்டும். 200 கம்ப்யூட்டரையும் ஒவ்வொன்றாகக் கேட்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்றான பிஎஸ்லாக்டான், யூசர் பெயரைக் கொடுத்தால் தானே தேடும், ஆனால் அது ரிமோட் ரெஜிஸ்ட்ரி சர்வீஸை (கம்ப்யூட்டரின் ரெஜிஸ்ட்ரியை வெளியில் இருந்து படிக்க விடுவது) நம்பி இருக்கிறது, விண்டோஸ் 10-ல் அந்த சர்வீஸ் ஆரம்பத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும்.

ஏன் இவ்வளவு மூடி வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். ஒரு காலத்தில் திறந்துதான் வைத்திருந்தார்கள். 1971-ல் ஸ்டான்ஃபோர்டு செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் லெஸ் எர்னஸ்ட் என்பவர் ஃபிங்கர் என்று ஒரு புரோகிராம் எழுதினார். யார் லாகின் செய்திருக்கிறார், எந்த டெர்மினலில், எவ்வளவு நேரமாகக் கைவைக்காமல் இருக்கிறார், எல்லாம் சொல்லும். தம்பி கேட்ட அதே கேள்விதான், ஐம்பது வருடத்துக்கு முன்னாலேயே கேட்டுப் பதிலும் எழுதிவிட்டார்கள்! பிறகு அது நெட்வொர்க் வழியாக வேறு ஊர்க் கம்ப்யூட்டரையும் கேட்கிற அளவுக்கு வளர்ந்தது. 1988 நவம்பரில் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தானாகவே பரவிய மோரிஸ் வார்ம் என்ற புரோகிராம் உள்ளே புகுந்த வழிகளில் ஒன்று அந்த ஃபிங்கர் சர்வீஸில் இருந்த ஓட்டை. போகப் போக எல்லோரும் அதை நிறுத்தி வைத்தார்கள். அட்மின் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறார் என்பது நமக்கு எவ்வளவு தேவையோ, திருட வருகிறவனுக்கும் அவ்வளவு தேவை.

அதனால் வாசலில் கேட்பதைவிட, உள்ளே வருபவரே தன் பெயரை எழுதிவிட்டு வருகிற மாதிரி செய்துவிடுங்கள். குரூப் பாலிசியில் (டொமைன் கம்ப்யூட்டர்களுக்கு ஒரே இடத்தில் இருந்து செட்டிங் கொடுக்கிற வசதி) ஒரு லாகான் ஸ்கிரிப்ட், அதாவது லாகின் ஆனதும் தானே ஓடுகிற ஸ்கிரிப்ட், ஒரே ஒரு வரி: எக்கோ போட்டு யூசர்நேம், கம்ப்யூட்டர்நேம், தேதி, நேரம், பிறகு இரண்டு கிரேட்டர்-தென் குறி, சர்வர் ஷேரில் அந்த யூசர் பெயரிலேயே ஒரு ஃபைல். ஒரே ஒரு குறி போட்டால் பழையது அழிந்துவிடும், இரண்டு போடுங்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஃபைல் வைக்காதீர்கள், காலை ஒன்பது மணிக்கு இருபது பேர் ஒன்றாக எழுத வந்தால் சில வரிகள் விட்டுப்போகும். ஒருவர் ஃபைலை இன்னொருவர் திறக்க முடியாதபடி அனுமதி வையுங்கள். லாக் ஆஃபுக்கும் இதேபோல ஒன்று, ஆனால் கரண்ட் போய் கம்ப்யூட்டர் அணைந்தால் அது எழுதாது. அப்புறம், விண்டோஸ் 8.1 முதல் இந்த ஸ்கிரிப்ட் லாகின் ஆகி 5 நிமிடம் கழித்துத்தான் ஓடும். குரூப் பாலிசியிலேயே 'லாகான் ஸ்கிரிப்ட் டிலே' என்று இருக்கிறது, அதை மாற்றாமல், ஸ்கிரிப்ட் வேலை செய்யவில்லை என்று எனக்கு எழுதுபவர்கள் நிறைய.

இப்போது தம்பியிடம் ஒன்று கேட்கிறேன். ஏன் தேடுகிறீர்கள்? என்னிடம் இதைக் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான பிரச்சினை வேறு. பாஸ்வேர்ட் மாற்றிய யூசரின் அக்கவுன்ட் திரும்பத் திரும்ப லாக் ஆகிறது (பூட்டிக்கொள்கிறது), அவர் எங்கேயோ பழைய பாஸ்வேர்டோடு இருக்கிறார், அது எங்கே என்று தெரிய வேண்டும். அப்படியானால் 200 கம்ப்யூட்டரையும் துழாவ வேண்டாம். பிடிசி எமுலேட்டராக (அக்கவுன்ட் பூட்டிக்கொண்ட தகவல் வந்து சேரும் பொறுப்பு) இருக்கும் டொமைன் கன்ட்ரோலரில் 4740 என்ற ஈவன்ட்டைப் பாருங்கள், 'காலர் கம்ப்யூட்டர் நேம்' என்று பெயரையே கொடுத்துவிடும். ஒரு கல்லூரியில் ஒரு ஆசிரியரின் அக்கவுன்ட் தினமும் லாக் ஆகிக்கொண்டிருந்தது. 4740 ஒரு லேப் கம்ப்யூட்டரைக் காட்டியது, அங்கே குவெரி யூசர் அடித்தால் அவர் பெயருக்கு நேரே டிஸ்கனெக்டட். எப்போதோ ரிமோட் டெஸ்க்டாப்பில் போய், லாக் ஆஃப் செய்யாமல் ஜன்னலை மட்டும் மூடியிருக்கிறார். அந்த செஷனை லாக் ஆஃப் செய்ததும் பிரச்சினை போய்விட்டது.

'காலர் கம்ப்யூட்டர் நேம்' இடத்தில் உங்கள் மெயில் சர்வரின் பெயர் வந்தால் கம்ப்யூட்டரைத் தேடாதீர்கள், அந்த ஆளின் போனை வாங்கி மெயில் செட்டிங்கில் எந்தப் பாஸ்வேர்ட் இருக்கிறது என்று பாருங்கள்.