நெல் நொய்யாவது ஏன்?

அவைத்தலைவர் அவர்களே, நான் பேச வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்பே பேசிவிட்ட துணைவேந்தர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் வேளாண் அதிகாரிகளே, இடம் கிடைக்காமல் நிற்கும் உழவர் பெருமக்களே, வணக்கம்.

மகரந்தம், மாவு, புரதம் என மூன்று செய்திகளோடு வந்தேன். ‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது எனக்குப் பிடித்த பழமொழி. வெப்பம் அதைப் பொய்யாக்குகிறது.

பூக்கும் வேளையில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் கூடும். அது கண்ணுக்குத் தெரியும் நட்டம். தெரியாத நட்டத்தை ஓர் அரவை ஆலையில் பார்த்தேன். பெரியவர் ஒருவர் நெல் கொண்டுவந்தார். முளை நன்று, தூர் நன்று, எடையும் குறைவில்லை. அரைத்தால் பாதி நொய்! “உன் மெஷின் சரியில்லை” என்றார். “உங்க நெல் சரியில்லை” என்றார் ஆலைக்காரர். உருளையை மாற்றினார்கள். மறுபடியும் நொய். பக்கத்து வயல்காரர் நெல்லைப் போட்டார்கள். அதுவும் நொய். “பார்த்தாயா, மெஷின்தான்!” என்றார் பெரியவர். “பார்த்தீங்களா, எல்லார் நெல்லும் இப்படித்தான்!” என்றார் ஆலைக்காரர். (சிரிப்பு.) கடைசியில் மூட்டை தூக்குபவர்தான் அரிசியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மணிக்குள் வெள்ளைத் திட்டு.

அந்த வெள்ளை, மாவுத் துகள்கள் நெருங்கி அடையாமல் இடையில் காற்று நின்ற இடம். ஆலையில் அங்கேதான் உடைகிறது. பால் பிடிக்கும் பருவத்தில், பகலிரவு சேர்ந்த சராசரி 26, 27 டிகிரியைத் தாண்டினால் மாவைக் கட்டும் மரபணுக்கள் சில அடங்குகின்றன, அமைலோஸ் என்ற மாவு வகை குறைகிறது. மாவை உடைக்கும் ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதியின் மரபணுக்களோ விழித்துக்கொள்கின்றன. விதை முளைக்கும்போது பார்க்க வேண்டிய வேலை அது! விளையும் பயிர் முளையிலே தெரியும் என்றால், இங்கே விளையும்போதே முளைக்கும் புத்தி வந்துவிடுகிறது. ஜப்பானில் மாவை உடைக்கும் அந்த மரபணுக்களை அடக்கி வளர்த்த நெல்லில் வெள்ளை குறைந்தது.

சரி, என் வழக்கமான கோரிக்கைக்கு வருகிறேன். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பதிவுகளை வைத்து 2004இல் ஓர் ஆய்வு வந்தது. வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் 1 டிகிரி கூடினால் மகசூல் 10 சதவீதம் சரிந்தது. பகலில் வெயிலைத் திட்டுகிறோம். இரவை யார் அளக்கிறார்கள்? வயலுக்கு வயல் இரவு வெப்பமானி வேண்டும், அந்தக் கணக்கு உழவர் கையில் வேண்டும்.

புரதம் பற்றிச் சொல்ல இருந்தேன், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வெப்பமானி கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. துணைவேந்தர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கிவைக்க வேண்டுகிறேன்.